நரம்பையும் மூளையையும் தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்கள்: பேராசிரியர் அஞ்சலா வின்சென்டின் ஆய்வுகள் பற்றி வன்னி மக்களின் கேள்விகளும் பதில்களும்

அஞ்சலா வின்சென்ட் யார்? அவருடைய ஆய்வை வன்னியில் இருக்கும் நாங்கள் ஏன் அறிய வேண்டும்?

லண்டனில் மருத்துவம் படித்து, பிறகு உயிர் இரசாயனத்தின் பக்கம் திரும்பி, 1970களில் ரிக்கார்டோ மிலேடியின் ஆய்வுகூடத்தில் நரம்பு தசையுடன் சந்திக்கும் இடத்தை ஆராயத் தொடங்கியவர் அஞ்சலா வின்சென்ட். நரம்பியல் வைத்தியர் ஜோன் நியூசம்-டேவிசுடன் நீண்டகாலம் இணைந்து பணியாற்றினார். 1988இல் அந்தக் குழு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. 2011இல் பிரித்தானிய ரோயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தெரிவு செய்தது.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருப்பவருக்கு இந்த ஆய்வுகள் தூரத்து விடயமாகத் தோன்றலாம். ஆனால் அவர் ஆராய்ந்த நோய்கள் இங்கும் வருகின்றன. வரும்போது அவற்றுக்கு வேறு பெயர்கள் சூட்டப்படுகின்றன: களைப்பு, சோம்பல், கவலை, பேய்க்குணம், சில வேளைகளில் பாம்புக்கடி. நேரத்தோடு இனங்காணப்பட்டால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதே அவருடைய ஆய்வுகளின் சாரம். அதற்காகவே இந்தப் பதில்கள் எழுதப்படுகின்றன.

தன்னுடல் தாக்கு நோய் என்றால் என்ன?

கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்களைப் பிறபொருளெதிரிகள் என்கிறோம். அவை வழிதவறி உடலின் சொந்தப் பாகத்தையே அந்நியமாகக் கருதித் தாக்குவதுதான் தன்னுடல் தாக்கு நோய். தாக்கப்படும் பாகம் தசையின் மேற்பரப்பாக இருந்தால் தசை பலமிழக்கும். மூளைக் கலங்களின் மேற்பரப்பாக இருந்தால் நினைவும் நடத்தையும் குழம்பும்.

வின்சென்ட் தொடர்ந்து வலியுறுத்திய ஒரு வேறுபாடு இங்கே முக்கியமானது. கலத்தின் உள்ளே இருக்கும் புரதத்தைப் பிறபொருளெதிரி எட்டுவது கடினம். ஆகவே அத்தகைய பிறபொருளெதிரி குருதியில் இருந்தாலும் பெரும்பாலும் அது நோயின் அடையாளம் மட்டுமே. கலத்தின் வெளிப்புறத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியோ தானே நோயை உண்டாக்கக்கூடியது; எனவே அதை அகற்றினால் நோயாளி தேறுவதற்கு வாய்ப்பு உண்டு.

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயில் உண்மையில் என்ன நடக்கிறது?

நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற பதார்த்தம் வெளிவந்து, தசையில் அதை ஏற்கும் புரதங்களான வாங்கிகளில் பதியும்போதுதான் தசை சுருங்குகிறது. மயஸ்தீனியாவில் அந்த வாங்கிகளைப் பிறபொருளெதிரிகள் மறைத்தும் அழித்தும் விடுகின்றன. குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, வயலின் மடைகள்தான் அடைபட்டுக் கிடக்கின்றன என்று விளங்கிக்கொள்ளலாம்.

காலையில் எழும்போது நன்றாக இருப்பவருக்கு மாலையில் ஒரு கண்ணிமை சரிகிறது. ஒன்று இரண்டாகத் தெரிகிறது. தேங்காய் துருவத் தொடங்கிய பெண்ணின் கை பாதித் தேங்காயிலேயே ஓய்ந்துவிடுகிறது. இரவுச் சாப்பாட்டின்போது மென்று முடிப்பதற்கு முன்பே தாடை களைத்து, ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவோர் உண்டு. சற்று ஓய்வெடுத்தால் பலம் திரும்புகிறது. இப்படிக் கூடியும் குறைந்தும் வருவதுதான் இந்த நோயின் குணம். இதனாலேயே வீட்டிலும் வேலைத்தலத்திலும் "நடிக்கிறாள்", "கள்ளம் பண்ணுகிறான்" என்ற பேச்சுக்கு நோயாளி ஆளாகிறார்.

இந்தக் காரணம் எப்படி நிரூபிக்கப்பட்டது? வின்சென்டின் பங்கு என்ன?

இந்த வரலாற்றில் பாம்புக்கு ஒரு பெரிய இடம் உண்டு. தாய்வானில் உள்ள ஒரு வகைக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து, தசையின் வாங்கிகளில் மட்டும் இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு நச்சுப்பொருளை சாங், லீ என்ற இருவர் 1963இல் பிரித்தெடுத்தார்கள். அந்த நஞ்சைக் கொண்டு வாங்கிகளை எண்ணவும் தூய்மைப்படுத்தவும் முடிந்தது. 1973இல் பற்றிக், லின்ட்ஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மின் விலாங்கிலிருந்து எடுத்த வாங்கிகளை முயல்களுக்கு ஏற்றினார்கள். அவற்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாகி, முயல்கள் தசை தளர்ந்து விழுந்தன. அதே ஆண்டில், நோயாளிகளின் தசையில் இந்த வாங்கிகள் குறைந்திருப்பதை வேறொரு குழு காட்டியது.

வின்சென்டும் மிலேடியும் நியூசம்-டேவிசும் சேர்ந்து, நோயாளிகளின் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, அவற்றின் மின் சைகைகளையும் வாங்கிகளின் எண்ணிக்கையையும் பக்கம் பக்கமாக அளந்து 1978இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு கட்டுரைதான், என் பார்வையில், இந்தத் துறையின் அடிக்கல். நோயாளியின் குருதியிலிருந்து, பிறபொருளெதிரிகள் கலந்திருக்கும் திரவப் பகுதியான பிளாஸ்மாவை அகற்றி, வேறு திரவத்தை ஏற்றினார்கள். பிறபொருளெதிரியின் அளவு குறைந்தது. சில நாட்களில் பலம் திரும்பியது. கிழமைகள் செல்ல அளவு மீண்டும் ஏறியது. பலவீனமும் கூடவே வந்தது. ஒரே மனிதரில் ஏற்றமும் இறக்கமும் இப்படி எதிரெதிராக நடந்ததைக் கண்ட பிறகு, பிறபொருளெதிரிதான் காரணம் என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

குருதியில் கண்டுபிடி, அகற்றிப் பார், சுண்டெலிக்கு ஏற்றிப் பார் என்ற இந்த ஒழுங்கையே அவருடைய குழு அடுத்தடுத்த நோய்களுக்கும் கைக்கொண்டது. லம்பேர்ட்-ஈட்டன் எனப்படும் இன்னொரு தசைப் பலவீன நோயும் பிறபொருளெதிரியால் வருவதே என்பதை 1981இல் அக்குழு இவ்வாறே காட்டியது.

குருதிப் பரிசோதனையில் "இல்லை" என்று வந்தால் இந்த நோய் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. உடல் முழுவதும் பரவிய மயஸ்தீனியா உள்ளவர்களில் ஏறத்தாழ 85 வீதமானோரிலும், கண்ணில் மட்டும் நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிலுமே வழமையான பரிசோதனை பிறபொருளெதிரியைக் காட்டும்.

மீதமுள்ளவர்களை வின்சென்ட் கைவிடவில்லை. அவர்களின் குருதியிலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று தேடினார். 2001இல் ஜேர்மனிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, மஸ்க் என்ற வேறொரு தசைப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியை அறிவித்தார். பழைய பரிசோதனையில் எதுவும் தென்படாத நோயாளிகளில் ஏறத்தாழ 70 வீதமானோரில் அது இருந்ததாக அந்தக் கட்டுரை கூறியது. பின்னைய ஆய்வுகளில் இந்த வீதம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. 2008இல் அவருடைய குழு வாங்கிகளை உயிருள்ள கலத்தின் மேல் நெருக்கமாகக் கூட்டி வைத்து, அதில் நோயாளியின் குருதிநீரைப் பரிசோதித்தது. தசையில் வாங்கிகள் இயற்கையாகவே அப்படி நெருங்கித்தான் இருக்கின்றன. வேறு முறையில் தப்பிய பிறபொருளெதிரிகள் பல, இந்த முறையில் அகப்பட்டன.

ஆகவே, அறிக்கையில் "இல்லை" என்று எழுதப்பட்டிருந்தாலும் அறிகுறி தெளிவாக இருந்தால் மீண்டும் நிபுணரிடம் காட்டுங்கள். மஸ்க் வகை நோயாளிகளுக்கு வழமையான மாத்திரை அவ்வளவாக உதவாமல் போகலாம், வேறு மருந்து தேவைப்படலாம் என்பதால், எந்த வகை என்று அறிவது பெயருக்காக மட்டும் அல்ல.

கண்ணிமை சரிந்தால் அது பாம்புக்கடியா, இந்த நோயா என்று எப்படி அறிவது?

வன்னியில் இந்தக் கேள்வி மிகவும் நியாயமானது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாயில் படுத்திருப்பவரைத் தீண்டும். வலி பெரிதாக இருப்பதில்லை. பல் பதிந்த அடையாளமும் பல வேளைகளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயிற்றுவலியோடு விழித்தெழுபவருக்குச் சில மணித்தியாலங்களில் இரு இமைகளும் சரிந்து, விழுங்க முடியாமல், மூச்சும் அடங்கத் தொடங்கலாம். இலங்கையில் உள்ள கண்ணாடி விரியனின் கடியிலும் இமைகள் சரிவதுண்டு. அது வயலில், குறிப்பாக அரிவி வெட்டுக் காலத்தில், அடிக்கடி நேர்வது.

மயஸ்தீனியா பெரும்பாலும் நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் மெல்ல வருவது; காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமாவது. பாம்பு நஞ்சோ இரவு நன்றாகப் படுத்தவரை விடியும்போது இமை திறக்க முடியாதவராக ஆக்கிவிடும். இந்த வேறுபாடு பயனுள்ளதுதான். ஆனாலும் வீட்டில் இருந்தபடி முடிவெடுக்க வேண்டாம். திடீரென இமை சரிந்த எவரையும், கடிவாய் தெரியாவிட்டாலும், பாம்புக்கடி என்றே கருதி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். விஷகடிப் பரியாரியாரிடம் பார்வை பார்க்கப் போய் மூச்சு நின்ற பிறகு வைத்தியசாலைக்கு வருவதைத் தவிர்த்துக்கொள்ளும்படி உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

வைத்தியசாலையில் செய்யப்படும் ஓர் எளிய சோதனையையும் சொல்லலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிச் சரிந்த இமையின் மேல் 2 நிமிடம் வைப்பார்கள். குளிர்ச்சியில் நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் சற்று நன்றாக வேலை செய்வதால், மயஸ்தீனியா உள்ளவரின் இமை கண்முன்னே மேலெழும். இது நிபுணரிடம் அனுப்புவதற்கு உதவும் குறிப்பு மட்டுமே.

தாய்க்கு இந்தப் பிறபொருளெதிரி இருந்தால் பிள்ளைக்கு வருமா?

தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளையின் குருதியில் சேரும். மயஸ்தீனியா உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் 10 முதல் 20 வீதமானோர் பிறந்த சில நாட்களுக்குள் பால் குடிக்க மாட்டாமலும், அழுகுரல் நலிந்தும், தளர்ந்தும் இருக்கலாம். சில கிழமைகளில் தாயின் பிறபொருளெதிரி தேய்ந்து போக, பிள்ளை தேறிவிடும். அதுவரை பிள்ளையைக் கவனமாகப் பார்க்க வசதியுள்ள வைத்தியசாலையில் பிரசவம் நடப்பது அவசியம்.

இதைவிடப் பாரதூரமான ஒன்றையும் வின்சென்டின் குழு 1990களில் வெளிப்படுத்தியது. வயிற்றில் உள்ள சிசுவின் தசையில் இருக்கும் வாங்கி, பிறந்தவர்களின் வாங்கியிலிருந்து சற்று வேறானது. சில பெண்களின் பிறபொருளெதிரி அந்தச் சிசு வடிவத்தை மட்டும் தடுக்கிறது. சிசு வயிற்றில் அசைய முடியாமல், மூட்டுக்கள் இறுகிய நிலையில் பிறக்கிறது, அல்லது பிறக்கும் முன்பே இறக்கிறது. அடுத்த கர்ப்பத்திலும் அதுவே நேரலாம். இத்தாய்மாரில் சிலருக்கு நோயின் எந்த அறிகுறியும் இருந்ததில்லை. அவர்களின் பிளாஸ்மாவைச் சினைப்பட்ட சுண்டெலிகளுக்கு ஏற்றியபோது, குட்டிகளிலும் அதே இறுக்கம் உண்டானதை 1999இல் வெளிவந்த கட்டுரை காட்டியது.

பிள்ளைகளை அடுத்தடுத்து இழக்கும் ஒரு பெண்ணை ராசியில்லாதவள் என்று ஒதுக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. அப்படி நேர்வதற்கு வேறு காரணங்கள் பல உண்டு. இந்த நோய் அவற்றில் அரிதானது. இருந்தும், மூட்டு இறுகிய பிள்ளைகள் ஒன்றுக்கு மேல் பிறந்த குடும்பத்தில், தாயின் குருதியைப் பரிசோதிக்க ஒரு காரணம் இருக்கிறது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர்களும் அறிந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்தால் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே சிகிச்சையைப் பற்றிப் பேசலாம்.

நினைவு தடுமாறுவதும் நடத்தை மாறுவதும்கூட இந்த வகை நோயாக இருக்குமா?

இருக்கலாம். நரம்புக் கலங்களின் மேற்பரப்பில் பொற்றாசியத்தைக் கடத்தும் வாயில்களுக்கு எதிரானவை என்று அப்போது கருதப்பட்ட பிறபொருளெதிரிகளை, தசை துடித்து வியர்த்துக்கொண்டே இருக்கும் நோயாளிகளில் 1990களின் நடுப்பகுதியில் வின்சென்டின் குழு கண்டது. 2001இலிருந்து நினைவிழப்பும் வலிப்பும் வந்தவர்களிலும் அவை கண்டறியப்பட்டன. சிகிச்சையின் பின் அவர்களில் பலர் தேறினார்கள். அதுவரை, இப்படியான மூளை அழற்சி என்றால் புற்றுநோயோடு வருவது, தேறாதது என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது.

இந்த வகையில் வன்னி வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய ஓர் அறிகுறி உண்டு. பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய ஒருவருக்கு, முகத்தின் ஒரு பக்கமும் அதே பக்கக் கையும் ஒரு கணம் வெட்டியிழுக்கும். 3 விநாடிகூட நீடிக்காது. ஆனால் ஒரு நாளில் பல தடவை, சிலருக்கு ஐம்பது தடவைகூட வரும். கையில் உள்ள தேநீர்க் கோப்பை விழுந்துவிடும். இத்தகைய இழுப்பு வலிப்பு மருந்துகளுக்கு அவ்வளவாக அடங்காது, நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீரொய்டு போன்ற மருந்துகளுக்கு அடங்கும், பலருக்கு நினைவிழப்பு தொடங்கும் முன்பே இது வருகிறது என்று அவருடைய குழு 2011இல் எழுதியது. அந்த இடைவெளியில் சிகிச்சை தொடங்கினால் நினைவைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. குருதியில் சோடியம் குறைந்திருப்பதும் இந்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரில் காணப்படும். மாவட்ட வைத்தியசாலையிலேயே பார்க்கக்கூடிய பரிசோதனை அது.

2009இல் உறவுகளை இழந்த குடும்பங்கள் இங்கே எண்ணற்றவை. அத்தகைய ஒருவர் திடீரெனக் குழம்பிப் பேசினால், நேற்று நடந்ததை மறந்தால், "யோசனை கூடிவிட்டது" என்று எல்லோரும் எளிதாக ஏற்றுக்கொள்கிறோம். துயரம் மெய்யானது, மனநல உதவியும் தேவையானது. ஆனால் சில கிழமைகளுக்குள் ஒருவரின் நினைவு விரைவாகச் சிதைந்தால், அல்லது அதோடு வலிப்பும் வந்தால், அதைத் துயரத்தின் கணக்கில் எழுதிவிட்டு இருந்துவிடக் கூடாது.

இளம் பெண்களுக்குப் பேய் பிடித்தது போல வரும் நோயையும் இவர்தான் கண்டுபிடித்தாரா?

அதைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டவரான யோசெப் டல்மாவ். மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. வாங்கிகளுக்கு எதிரான பிறபொருளெதிரியால் வரும் அந்த மூளை அழற்சியை, அப்போது அமெரிக்காவில் பணியாற்றிய அவருடைய குழு 2007இல் விவரித்தது. பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருகிறது. சிலருக்குச் சூலகத்தில் ஒரு கட்டி இருக்கும். உறக்கம் கெட்டு, இல்லாததைக் கண்டு பயந்து, சத்தமிட்டு, பிறகு வாயும் கையும் தாமாக அசைந்து, வலிப்பும் மயக்கமும் வரும். 2013இல் வெளியான, 577 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் 81 வீதமானோர் தம் காரியங்களைத் தாமே பார்க்குமளவு நல்ல நிலையை அடைந்திருந்தனர். சிகிச்சையை முந்தித் தொடங்கியவர்கள் கூடுதலாகத் தேறினர்.

வற்றாப்பளை அம்மனிடம் நேர்த்தி வைப்பதை எவரும் தடுக்கவில்லை. நூல் கட்டியும் மந்திரித்தும் நாட்களைக் கழிப்பதுதான் ஆபத்து. காய்ச்சலோ தலையிடியோ வந்து சில நாட்களில் நடத்தை மாறிய பிள்ளையை முதலில் வைத்தியசாலையில் சேருங்கள். நேர்த்தியை அதன் பிறகும் நிறைவேற்றலாம்.

வின்சென்டின் முடிவுகள் எல்லாமே நிலைத்தனவா?

இல்லை, ஒன்று முக்கியமாகத் திருத்தப்பட்டது. திருத்தத்தில் அவருடைய குழுவே முன்னணியில் நின்றது. மேலே சொன்ன பிறபொருளெதிரிகள் உண்மையில் பொற்றாசியம் வாயிலில் ஒட்டுவதில்லை. அதனோடு சேர்ந்திருக்கும் எல்.ஜி.ஐ.1, காஸ்பர்2 என்ற புரதங்களிலேயே ஒட்டுகின்றன என்று 2010இல் அக்குழு அறிவித்தது. அதே ஆண்டில் டல்மாவின் குழுவும் எல்.ஜி.ஐ.1 பற்றி அதே முடிவுக்கு வந்தது. பழைய பரிசோதனையில் மட்டும் "உண்டு" என்று வந்து, இந்த இரண்டுக்கும் "இல்லை" என்று வந்தவர்களில் பலருக்கு இந்த நோயே இல்லை என்பதும் பின்னர் தெளிவானது. பழைய அறிக்கை ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை நிபுணரிடம் மறுபடி காட்டுவது நல்லது.

இந்த நோய்கள் தொற்றுமா? பரம்பரையாக வருமா?

தொற்றாது. ஒன்றாக உண்பதாலும் உறங்குவதாலும் வராது. தன்னுடல் தாக்கு நோய்கள் சில குடும்பங்களில் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டாலும், தாய் தகப்பனிடமிருந்து நேரடியாக இறங்கும் நோய் என்று இதைச் சொல்ல முடியாது. கலியாணப் பேச்சில் இதை மறைக்கவும் வேண்டாம், குற்றமாக்கவும் வேண்டாம்.

சிகிச்சை என்ன? எந்த மருந்துகளில் அவதானம் தேவை?

மயஸ்தீனியாவுக்குப் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை, ஸ்டீரொய்டு, நோயெதிர்ப்பை அடக்கும் வேறு மருந்துகள் ஆகியன உள்ளன. மூச்சுத் தசை பாதிக்கப்பட்டால் பிளாஸ்மா மாற்றமோ, தானக் குருதியிலிருந்து எடுக்கப்படும் பிறபொருளெதிரிகளான இம்யூனோகுளோபுலினோ தேவைப்படும். நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சை, அதில் கட்டி இல்லாத நோயாளிகளில் பலருக்கும் நன்மை தருவதை 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு உறுதி செய்தது. ஸ்டீரொய்டை நினைத்தவுடன் நிறுத்துவது உயிராபத்து. மாத்திரை முடிவதற்கு முன்பே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

ஜென்டமைசின், சிப்ரோஃப்லொக்சசின், அசித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், குளோரோகுயினும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் இந்தப் பலவீனத்தைக் கூட்டக்கூடியவை. கர்ப்பிணிகளின் வலிப்புக்கு நாளத்தில் ஏற்றப்படும் மக்னீசியம் மிக அபாயமானது. எனவே பாமசியில் சொல்லி மருந்து வாங்கும் பழக்கம் இந்த நோயாளிகளுக்கு ஆகாது.

கிளினிக்குக்குப் போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

புதுக்குடியிருப்பிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி வரும் மயஸ்தீனியா நோயாளி, காலையில் தன் மிக நல்ல நிலையில் வைத்தியரின் முன் அமர்கிறார். இமை சரியவில்லை, கை தளரவில்லை. ஒன்றும் இல்லை என்று அனுப்பப்படுகிறார். இதைத் தவிர்க்க, மாலையில் இமை சரிந்திருக்கும்போது, அல்லது முகமும் கையும் இழுக்கும்போது, கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். நோயாளி ஒன்று முதல் ஐம்பது வரை உரத்து எண்ணும்போது குரல் எந்த எண்ணில் மூக்கால் ஒலிக்கத் தொடங்குகிறது என்பதையும் பதிவு செய்யலாம். வலிப்பையும் நடத்தை மாற்றத்தையும் நேரில் கண்ட வீட்டார் ஒருவர் கூட வர வேண்டும்; நோயாளிக்கு அவை நினைவில் இருப்பதில்லை. கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் நோயின் பெயரையும் மேலே சொன்ன மருந்துகளின் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும், பிரசவத்துக்குப் போனாலும், காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போனாலும் அந்தக் கொப்பியை முதலில் காட்டுங்கள்.